இன்னொரு திருமலையிலிருந்து

சாந்திபுரம், ராமகுப்பம், குப்பம் ஊர்களிலிருந்து ஞாயிறுதோறும் விடியலில் சைக்கிள் மிதிக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

திருமலையிலிருந்து எழுதுகிறேன். நம் சித்தூர்க்காரர்கள் இந்தச் சொல்லைக் கேட்டால் கை தானாகக் குவியும். யாழ்ப்பாணத்து பஸ் நிலையத்தில் நடத்துனர் “திருமலை, திருமலை” என்று கூவி ஆள் ஏற்றியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடல் தாண்டி வந்து நிற்கிறேன், அங்கேயும் ஒரு வண்டி திருமலைக்குப் புறப்படுகிறது. திருகோணமலையை இந்த நாட்டுத் தமிழர்கள் சுருக்கித் திருமலை என்றே சொல்கிறார்கள். ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர், “எந்த ஊர் தம்பி, பேச்சு வேற மாதிரிக் கிடக்கு?” என்றார். சாந்திபுரம் என்றேன். அவருக்குத் தெரியவில்லை. திருப்பதி இருக்கிற மாவட்டப் பக்கம் என்றதும் எழுந்து எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்துவிட்டார்.

நீங்கள் வருகிற சனிக்கிழமை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுகிறீர்கள். முப்பது நாள் அனுமதி, அதில் இருபத்தெட்டு நாள் பயணம். திருகோணமலையில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை ஐந்து மணிக்குத் தெற்கே மிதிக்கத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து நாம் எல்லோருமாகப் போட்ட திட்டம் அது. அதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். வந்த முதல் மூன்று நாள் சைக்கிளைத் தொடாதீர்கள். இந்தத் துறைமுக ஊரைக் காலால் நடந்து பாருங்கள், அதற்குப் பிறகு மிதிக்கலாம். மூன்று நாள் வீண் என்று சிலர் சொல்வீர்கள். விடுமுறை எடுக்க மேலதிகாரியிடம் நின்ற நிலையும், பட்டுப்புழுக் கொட்டகையை மைத்துனர் பொறுப்பில் விட்டுவரும் கவலையும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன். உங்களுக்குத் தனித்தனியாக எழுதாமல் திறந்த மடலாக எழுதக் காரணம், குப்பத்திலிருந்து பெங்களூருக்கு தினமும் ரயிலில் போய்வருகிற நம் பிள்ளைகளில் பலர் அடுத்த ஆண்டு தாங்களும் வரவேண்டும் என்கிறார்கள். அவர்களுக்கும் இது போய்ச் சேரட்டும். தெலுங்குப் பள்ளியில் படித்ததால் தமிழ் எழுத்து வராதவர்களுக்கு, வந்தவர்கள் டீக்கடையில் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். வந்து இறங்கிய அன்றே, நண்பகலில், வாடகைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு நிலாவெளிப் பக்கம் போனேன். பதினைந்து, பதினாறு கிலோமீட்டர். நம்மூரில் ராமகுப்பம் போய்வருவதைப் போலத்தான் என்று நினைத்தேன். நம்மூர் கடல் மட்டத்துக்கு இரண்டாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. காற்று உலர்ந்தது, வியர்வை உடனே ஆறும். இங்கே வியர்வை ஆறுவதில்லை, உடம்போடு ஒட்டிக்கொண்டே வழிகிறது. சாம்பல்தீவு தாண்டுமுன் தலை கிறுகிறுத்தது. பாலத்துக்கு அருகே ஒரு நிழலில் உட்கார்ந்துவிட்டேன். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு செவ்விளநீரைச் சீவிக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. “வெயிலைப் பழகிப்போட்டு ஓடு மகன்” என்றார். இந்த மடலின் விதை அவர் சொன்ன சொல்தான். கால் வலு நமக்கு இருக்கிறது. வெயிலைப் பழக வேண்டும், காற்றைப் பழக வேண்டும், காதும் பழக வேண்டும். மலையூரில் பிறந்தவனுக்குக் கடலைப் பழக மூன்று நாளாவது ஆகும்.

கடலைப் பழக இதைவிட நல்ல இடம் உண்டா என்று தெரியவில்லை. முதல் நாள் மாலை உவர்மலைக்கு நடந்து ஏறுங்கள். அங்கிருந்து பார்த்தால் உள்துறைமுகம் முழுதும் கண்ணுக்கு முன்னால் விரியும். என் கண்ணுக்கு அது கடலாகவே படவில்லை. மலைகள் சுற்றிலும் வளைத்து நிற்க, நடுவே ஒரு பெரிய ஏரி அசையாமல் கிடப்பதுபோல இருந்தது. வாய் குறுகல், உள்ளே அகலம், ஆழமோ பெருங்கப்பல்கள் கரையை ஒட்டி வந்து நிற்கும் அளவு. வெளிக்கடலில் எவ்வளவு புயல் அடித்தாலும் உள்ளே நிற்கிற கப்பல் ஆடாது. போர்த்துக்கீசர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒவ்வொருவராக வந்து இந்த ஊருக்காக அடித்துக்கொண்டதற்கு அந்தக் குறுகிய வாய்தான் காரணம். வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில், நம் சென்னை வரையிலும் அதற்கு மேலும், வாடைக்காலத்தில் கப்பலைக் காப்பாற்ற இப்படியொரு இயற்கைத் துறை கிடையாது. இதைக் கையில் வைத்திருப்பவனிடமே சோழமண்டலக் கடற்கரை இருக்கும் என்று அன்றைய கடற்படைக்காரர்கள் கணக்குப் போட்டார்கள்.

இந்தக் கணக்கில் நம் சித்தூரும் இருக்கிறது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் இந்தத் துறையை டச்சுக்காரரிடமிருந்து பிடித்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரன் கடலூர்ப் பக்கம் கரையிறங்கி, ஆங்கிலேயரோடு போரிட்டுக்கொண்டிருந்த ஹைதர் அலியை நேரில் சந்தித்தார். அங்கிருந்து தெற்கே வந்து ஆகஸ்ட் கடைசியில் திருகோணமலையைப் பிடித்தார். செப்டம்பர் 3 அன்று இந்தத் துறைமுகத்துக்கு வெளியே பெருங்கடற்போர் நடந்தது. டிசம்பரில், சித்தூருக்குப் பக்கத்தில் நரசிங்கராயனிபேட்டை முகாமில் ஹைதர் அலி இறந்துபோனார். நாம் பஸ்ஸில் எத்தனையோ முறை கடந்துபோகிற மண் அது. அங்கே கூடாரத்தில் நோயோடு படுத்திருந்த மனிதர் செய்தி எதிர்பார்த்துக் காத்திருந்த துறைமுகங்களில் ஒன்று என் கண்முன்னே கிடந்தது. உவர்மலையில் நின்றபோது இதை நினைத்துக்கொண்டேன். நம்மூர் எந்தக் கடலுக்கும் சம்பந்தமில்லாத மேட்டுக்காடு என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் காலையைக் கோட்டைக்கும் கோணேசர் கோவிலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அலிபிரியில் 3,550 படி ஏறிப் பழகிய கால்களுக்கு இந்த ஏற்றம் ஒன்றுமே இல்லை. ஆனால் மெதுவாக ஏறுங்கள். கோட்டை வாசலின் கல்லை நின்று பாருங்கள். அதில் இரட்டை மீன் செதுக்கியிருக்கிறது, பக்கத்தில் சிதைந்த தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. அந்தக் கல் கோட்டைக்காக வெட்டியது அல்ல. 1622-இல் போர்த்துக்கீசர் கோணேசர் கோவிலை இடித்தார்கள். 1624-இல் அந்தக் கற்களையும் சேர்த்துக் கோட்டை கட்டினார்கள். பிறகு டச்சுக்காரர் அதை மாற்றிக் கட்டினார்கள். 1795-இல் வந்த ஆங்கிலேயர் தங்கள் இளவரசர் பெயரை வைத்து பிரெடரிக் கோட்டை ஆக்கினார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை எதிர்த்துப் போரிட்டு முடித்த ஆர்தர் வெல்லஸ்லி, 1800-ஆம் ஆண்டின் முடிவில் இங்கே வந்து தங்கியிருந்தார். பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனவர் அவர்தான். அவர் தங்கிய வீடு கோட்டைக்குள் இருக்கிறது. இப்போது கோட்டை இராணுவத்தின் கையில். வழிபடப் போகிறவர்களை விடுகிறார்கள், படம் எடுக்க வேண்டாம் என்கிற இடத்தில் எடுக்காதீர்கள். புள்ளிமான்கள் நம்மூர் ஆட்டுக்குட்டிகள்போல வழியிலேயே திரியும், தோள்பையில் மூக்கை நுழைக்கும். பழத்தை உள்ளே வையுங்கள்.

கோவில் பாறையின் நுனியில் நிற்கிறது. கீழே கடல். பாறையில் ஒரு பெரிய பிளவு, இராவணன் வெட்டு என்கிறார்கள். ஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். நம் காளஹஸ்தியைப் போலவே தேவாரத்தில் வருகிற ஊர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போங்கள். எனக்கு அதைவிட நெஞ்சைத் தொட்ட செய்தி வேறு. 1950-இல் ஊரில் கிணறு வெட்டியபோது, மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர் முதலான செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. இடிப்புக்குப் பயந்து யாரோ அன்று புதைத்துவைத்தவை. முந்நூறு ஆண்டுக்கு மேல் மண்ணில் இருந்தன. ஊர் கூடி அவற்றை ஊர்வலமாகக் கொண்டுபோனது. மீண்டும் எழுப்பிய கோவிலுக்கு 1963-இல் குடமுழுக்கு நடந்தது. இடையில் 1956-இல், அறிவியல் கதை எழுதும் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் இந்தப் பாறையடிக் கடலில் மூழ்கிப் பார்த்து, பழைய கோவிலின் தூண்களும் கற்களும் நீருக்கடியில் கிடப்பதைக் கண்டு சொன்னார்கள். மேலே பூசை நடக்கிறது. கீழே, அலைக்குள், பழைய கோவில் கிடக்கிறது. மதிலோரம் நின்று அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், நேரம் போனது தெரியவில்லை.

கோட்டையிலிருந்து இறங்கினால் ஊர் கைக்கெட்டும் தூரத்தில். மணிக்கூட்டுக் கோபுரம், சந்தை, டொக்யார்ட் வீதியில் பத்திரகாளி அம்மன் கோவில். குப்பம் கங்கம்மா திருவிழாவை இந்த முறை விட்டுவிட்டு வந்தேனே என்ற குறை எனக்கு இருந்தது. பத்திரகாளி முன்னால் நின்றபோது அது பாதியாவது தீர்ந்தது. கடைப் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் எழுதியிருக்கிறார்கள். நம்மூரில் தமிழ் வீட்டுக்குள் பேசுகிற மொழி. பள்ளியில் தெலுங்கு, தாலுகா ஆபீசில் தெலுங்கு, கோலார்ப் பக்கம் போனால் கன்னடம். அப்பா மாலை வேளையில் சிலேட்டில் எழுதிக் காட்டியதால்தான் எனக்கு எழுத்து வந்தது. அந்த எழுத்து வங்கியிலும் தபால் நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் எழுதியிருப்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது வெளிநாட்டில். தமிழ்நாட்டில் பார்த்ததில்லையா என்பீர்கள். பார்த்திருக்கிறேன். அங்கே போனால் நான் ஆந்திராக்காரன். இங்கே அந்தக் கேள்வியே யாருக்கும் வரவில்லை. பேச்சு வேறு மாதிரி இருக்கிறது என்பதோடு விட்டுவிடுகிறார்கள்.

பேச்சு வேறுதான். காது பழக வேண்டும் என்றது அதற்காகவும்தான். டீ இங்கே தேத்தண்ணி. ரொட்டி என்று நாம் வாங்குவது இங்கே பாண். கேழ்வரகு இங்கே குரக்கன். வேர்க்கடலையைக் கச்சான் என்கிறார்கள். வேலூர்ப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்களே, அதுதான். மேற்கிலிருந்து அடிக்கிற வெப்பக்காற்றுக்கும் கச்சான் என்றே பெயர். காற்று மூத்ததா கடலை மூத்ததா என்று தேத்தண்ணிக் கடையில் கேட்டேன், பெஞ்சில் இருந்த நான்கு பேரும் நான்கு விதமாகச் சொன்னார்கள். இந்தக் காற்றின் பெயரைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். நாம் மிதிக்கப்போகிற மாதங்களில் கிழக்குக் கரைக்கு மழை இல்லை, கச்சான் உண்டு. அது பிற்பகலில் எழுகிறது. காலை பத்து மணிக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிட வேண்டும் என்று மீனவர்கள் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் விடியலை மட்டும் எதற்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். உப்புவெளிக் கடற்கரையில் கரைவலை இழுக்கிறார்கள். தோணி ஒன்று வலையை வளைவாகக் கடலில் விட்டுவிட்டு வரும். அதன் இரண்டு முனைக் கயிறுகளும் கரையில் ஒன்றுக்கொன்று தூரத்தில் இருக்கும். இரண்டு அணி ஆட்கள், மணலில் குதிகாலை ஊன்றி, பின்னோக்கிச் சாய்ந்து சாய்ந்து இழுக்க வேண்டும். கயிற்றை இழுத்தபடி பின்னால் நடந்து, கடைசி ஆளாக ஆனதும் விட்டுவிட்டு ஓடிப்போய் மறுபடியும் தண்ணீர் ஓரத்தில் முதல் ஆளாகப் பிடிக்க வேண்டும். பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் ஒருவர் கண்ணால் கயிற்றைக் காட்டினார். பிடித்தேன். ஆயிரம் அடி போர்வெல்லில் கெட்டுப்போன மோட்டாரைக் குழாய் குழாயாக மேலே எடுப்போமே, அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. தோளைவிடத் தொடைக்குத்தான் வேலை. அம்பாப் பாட்டு ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். பாட்டின் அடி விழுகிற இடத்தில் இழுப்பு விழுகிறது. பாட்டு இல்லாமல் இழுத்தால் ஆளுக்கு ஆள் மாறி இழுத்துக் கயிறு தளர்ந்துபோகும் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

ஒன்றரை மணி நேரம் ஆனது. இரண்டு அணிகளும் மெல்ல மெல்ல நெருங்கி வந்தன. கடைசியில் மடி கரைக்கு வந்தது. மடி என்பது வலையின் அடிப்பை, மீன் எல்லாம் அதில்தான் சேரும். அன்று அதில் இருந்தது குறைவு. சாளையும் கொஞ்சம் சூடையும், தூக்கியெறிய வேண்டிய சொறிமுட்டையும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒன்றும் பேசாமல் பங்கு பிரித்தார். முப்பதுக்கு மேற்பட்ட கைகள் இழுத்த வலைக்கு அவ்வளவுதான். யாரும் முகம் சுளிக்கவில்லை, மறுபடி வலையை மடிக்கத் தொடங்கினார்கள். தக்காளியை மூட்டை கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோய், விலை கேட்டுவிட்டுத் திரும்பி வருகிற நம் மனிதர்களின் முகத்தை அங்கே பார்த்தேன். எனக்கும் ஒரு கை மீனைக் கொடுக்க வந்தார்கள். நான் வேண்டாம் என்றதை அவர்கள் விரும்பவில்லை. நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். நம் பத்துப் பேரும் அந்தக் கயிற்றைப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்குப் பிறகு இந்தக் கரையில் நாம் வேடிக்கை பார்க்க வந்த கூட்டமாக இருக்க மாட்டோம்.

கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் நேரம் ஒதுக்குங்கள். சிறிய ஏழு கிணறுகள் அருகருகே, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். இறந்தவர்களுக்கு இங்கே கடன் செய்வது தமிழர் வழக்கம், அதனால் கூச்சல் வேண்டாம். புறாத்தீவுக்குப் போகிறவர்கள் பவளப்பாறையில் கால் ஊன்றாமல் நீந்துங்கள். மிதக்கத் தெரியாதவர்கள் போகவே வேண்டாம், நம்மில் பாதிப் பேர் அப்படித்தான்.

திமிங்கிலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். துறைமுக வாயிலை ஒட்டியே கடலுக்கடியில் ஒரு பெரும்பள்ளத்தாக்கு இருக்கிறது, ஆழ்கடலை நோக்கி இறங்கும்போது மூவாயிரம் மீட்டருக்கும் கீழே போகிறது. கரைக்கு இத்தனை பக்கத்தில் ஆழ்கடல் இருப்பதால்தான் நீலத்திமிங்கிலம் இவ்வளவு அருகே வருகிறது. அந்தப் பள்ளத்தாக்குக்கு நேராகக் கொட்டியாரக்குடாவில் மகாவலி வந்து கலக்கிறது. இந்த ஆற்றைப் பார்த்தபோது எனக்கு நம் பாலாறுதான் நினைவு. நந்தி மலையில் பிறந்து, கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், நம் பக்கத்தில் 33, தமிழ்நாட்டில் 222 என்று ஓடி வயலூரில் கடலில் சேர வேண்டியது நம் பாலாறு, மொத்தம் 348. மகாவலி 335 தான். நீளத்தில் நம் ஆறுதான் பெரியது. ஆனால் நான் பிறந்த நாள் முதல் பாலாற்றில் பார்த்தது பெரும்பாலும் மணல். ஓர் ஆறு தண்ணீரோடு கடலில் சேருவதை என் கண்ணால் பார்க்க நான் நாடு விட்டு நாடு வரவேண்டியிருந்தது.

இனி, சொல்லத் தயங்குகிற ஒன்று. இது போர் பார்த்த ஊர். 2009 வரை நடந்த போர், அதற்கு நடுவே 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை. கடற்கரையில் காந்தி சிலை இருக்கிறது. 2006 ஜனவரி 2 மாலை அதன் அருகே ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். நாம் காற்று வாங்க உட்காரப்போகிற அதே இடம். யாரிடமும் அறிமுகமான பத்து நிமிடத்தில் போரைப் பற்றிக் கேட்காதீர்கள். நம்மூரில் சாவு வீட்டுக்குப் போனால் எப்படிப் பேசாமல் உட்காருவோமோ அந்த அடக்கம் வேண்டும். அவர்களாகச் சொன்னால் முழுதும் கேளுங்கள், நடுவில் நம் கருத்தைச் சொல்லாதீர்கள். நான் தங்கியிருக்கும் வீட்டு அக்கா மூன்றாம் நாள் இரவுதான் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். மறுநாளே புறப்பட்டுப் போயிருந்தால் அந்தத் தம்பி எனக்குத் தெரியாமலே போயிருப்பான். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நெருக்கியடித்து வாழ்கிற ஊர் இது. எல்லார் வீட்டிலும் இழப்பு இருக்கிறது.

மூன்று நாள் கழிந்த பிறகு, நாலாம் நாள் நாலரை மணிக்குப் புறப்படுவோம். முதலில் கிண்ணியாப் பாலம். 396 மீட்டர், 2009 அக்டோபரில் திறந்தது. அதற்குமுன் ஆற்று வாய்களில் வாகனங்களை மிதவையில் ஏற்றிக் கடத்தினார்கள். அந்த மிதவைக்கு இங்கே ‘பாதை’ என்று பெயர். மட்டக்களப்பு போகுமுன் பல இடங்களில் பாதைக்குக் காத்துக் கிடக்க வேண்டியிருந்ததாம். இன்று எல்லாம் பாலம். கொட்டியாரக்குடாக் கரையிலுள்ள மூதூரில் நிற்போம். 1659-இல் நம் ஆந்திரக் கரையில், மசூலிப்பட்டினத்தில், புயலில் பாய்மரம் முறிந்த ஓர் ஆங்கிலக் கப்பல் அதைச் சரிசெய்யக் கொட்டியாரத்துக்கு வந்தது. அதில் வந்த ராபர்ட் நொக்ஸ் என்ற இளைஞனைக் கண்டி அரசன் ஆட்கள் 1660-இல் பிடித்துக்கொண்டு போனார்கள். பத்தொன்பது ஆண்டு கழித்துத் தப்பி, 1681-இல் இந்தத் தீவைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை உலகம் படித்தது. பாய்மரம் மாற்ற வந்த இடத்தில் அவருடைய இளமை முழுதும் போய்விட்டது.

பிறகு வெருகல் முருகன், வாகரை, பாசிக்குடா, மட்டக்களப்பு. மட்டக்களப்புக்கு வெளியே கடலடியில் ஹெர்மிஸ் என்கிற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. தாக்குதல் வருகிறதென்று முதல்நாள் இரவே துறைமுகத்தைவிட்டு ஓடிய கப்பல் அது. ஓடியும் தப்பவில்லை, அன்றே மூழ்கியது. அதற்கும் தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்துபோகிற அடியார்களின் பழைய வழி இதுவேதான். அவர்கள் ஒன்றரை மாதம், வெறுங்காலோடு, காவி கட்டி நடக்கிறார்கள். நேற்று கோணேசர் கோவில் மண்டபத்தில் ஒரு கூட்டம் படுத்திருந்தது. எழுபது வயது இருக்கும் ஓர் ஆச்சி, கால் வெடிப்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். புரட்டாசி சனிக்கிழமைகளுக்காக வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து மஞ்சள் துணி கட்டி நம் சாலைகளில் நடந்து வருவார்களே, அவர்களில் ஒருவராகவே எனக்குத் தெரிந்தார்.

அக்கரைப்பற்றுக்கு அருகே அளிக்கம்பை என்று ஒரு கிராமம். அங்கே வாழும் வனக்குறவர் மக்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. தலைமுறை தலைமுறையாக இந்தத் தீவில், தமிழரும் சிங்களவரும் சூழ வாழ்ந்து, தெலுங்கை விடாமல் வைத்திருக்கிறார்கள். ஆந்திரத்தில் தமிழை விடாமல் வைத்திருக்கிற நாம் அவர்களைப் பார்க்காமல் வரலாமா? கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, ஒரு பகல் பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவோம்.

கப்பலைப் பற்றி: 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணம் தொடங்கியது. பிறகு நின்று, 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி ஓடியது. நாலு மணி நேரம் போல ஆகும். கடல் கெட்டால் நிறுத்திவிடுவார்கள், அதனால் ஒரு நாள் கையிருப்பில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள். விமானத்தைவிட இதுவே நல்லது என்று நான் பிடிவாதம் பிடித்தது பணத்துக்காக இல்லை. நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னால் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆட்கள் இந்தக் கடலைத்தான் கடந்தார்கள். தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை நம் கங்குந்திச் சீமையும் வட ஆர்க்காடுதான். அவர்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைத்து, 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12 அன்று மாத்தளை வரை மலையகத் தமிழர்கள் அந்த வழியை மறுபடி நடந்தே வந்தார்கள். கப்பலில் மேல்தளத்தில் நின்று, கரை மறைந்து கரை தெரிகிற அந்த நேரத்தை விட்டுவிடாதீர்கள். கீழே உட்கார்ந்து போனைப் பார்க்காதீர்கள்.

கடவுச்சீட்டைத் திருப்பதியில் எடுத்தவர்கள் பழைய முகவரி அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். பயண அனுமதியை இணையத்தில் முன்பே வாங்கி, தாளில் எடுத்துக் கையில் வையுங்கள். பத்துச் சைக்கிளுக்கும் பேசிவிட்டேன். முதலில் பார்த்த கடையில் முன்பணம் வாங்கிக்கொண்டு மறுநாள் வாடகையை ஏற்றிச் சொன்னார்கள், அதனால் வேறு இடம் மாறினேன். இப்போது கிடைத்திருப்பவை கியர் இல்லாதவை, கனமானவை, ஆனால் பழுது வந்தால் எந்தச் சந்தியிலும் சரிசெய்ய ஆள் உண்டு. உங்கள் இருக்கை உறையை மட்டும் கொண்டு வாருங்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் ஆளுக்கு இருபது. அக்காமாருக்குத் தனி அறை, தனிக் குளியலறை, பார்த்துவிட்டேன்.

வீட்டுக்கார அக்கா தினமும் இடியப்பமும் சொதியும் சம்பலும் வைக்கிறார். நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஐந்தாம் நாள் இரவு களி கேட்டது நாக்கு. சொன்னேன். “குரக்கன்தானே, நாங்க பிட்டு அவிப்பம், அதைக் கிண்டி உருட்டுவீங்களோ?” என்று கேட்டார். நீங்கள் வந்ததும் அவர் அடுப்பிலேயே கிண்டிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். அதனால் மாவு சுமக்க வேண்டாம், இங்கே கிடைக்கும். பெரிய சட்டியும் அவரிடம் உண்டு. களி கிண்டுகிற துடுப்பு மட்டும் இல்லை. ராமகுப்பம் அண்ணன் வீட்டில் பலாக்கட்டையில் செய்தது ஒன்று இருக்கிறதே, அதை மறக்காமல் எடுத்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ் நிலையத்தில் நிற்பேன்.

உங்கள்
சாந்திபுரத்துத் தோழன்
திருகோணமலை